பூச்சியக் கழிவு மஹால்

அத்தியாயம் ஒன்பது

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தேசகீர்த்தி, சமூகஜோதி, சுற்றாடல் காவலர், அகில இலங்கை சமாதான நீதவான், அல்ஹாஜ் ஜவுபர் அவர்களின் ஸில்மியா மஹாலிலிருந்து இனிமேல் ஒரு சோற்றுப் பருக்கையோ, ஒரு கோழி எலும்போ, ஒரு வட்டிலப்பக் கரண்டியோ குப்பை மேட்டுக்குப் போகாது. அப்படிப் போனதை யாராவது கண்டிருந்தால், அவர் கண்டது வேறு ஏதோ.

இந்த அறிவித்தலை ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு மருதமுனையில் தொடங்கிக் காரைதீவு வரைக்கும் கூவிக்கொண்டு போனார்கள். கூவியதோடு நிற்கவில்லை. பளபளக்கும் தாளில் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களை வழிநெடுகிலும் வீசினார்கள். கழிவற்ற கல்முனையைக் கட்டியெழுப்புவோம் என்று அதில் இருந்தது. மறுநாள் காலையில் கல்முனை வடிகான்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம். ஸில்மியா மஹால் நிற்கும் காணி ஜவுபருடையதல்ல. அது அவருடைய மனைவி கமீலாவின் சீதனம். அவர்கள் குடியிருக்கும் வீடும் கமீலாவின் சீதனம். வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் காட்டோரம் கிடக்கும் வயலும் அவளுடைய சீதனம். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வது வழக்கம். ஜவுபரும் அப்படித்தான் வந்தார். சூட்கேசை இறக்கி வைத்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியது. பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டங்களை மட்டும் அவர் யாருடைய சீதனமும் இல்லாமல் தானாகவே தேடிக்கொண்டார்.

அந்த வயலைச் செய்பவன் கமீலாவின் தம்பி சப்ரி. அவன் வரிப்பத்தான்சேனையில் றாஹிலாவைக் கட்டி, வழக்கப்படி அவள் வீட்டுக்குப் போனவன். அவனுடைய மகன் றிம்சானுக்கும் ஜவுபரின் ஒரே மகள் ஸில்மியாவுக்கும் சிறுபோக அறுவடை முடிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்திருக்கிறார்கள். வலீமா விருந்து மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. "என்ட மண்டபத்தில நானே வெச்சுத் தாறன், நீ ஒண்டுக்கும் யோசிக்காத" என்று ஜவுபர் சபை நிறைந்திருக்கும்போது சொன்னார். "என்ட மகன்ட வலீமாவுக்கு என்ட வயல் சோறுதான், என்ட முத்தத்திலதான்" என்று சப்ரியும் அதே சபையில் திருப்பிச் சொன்னான். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

அந்தச் சோறு இப்போது கீரிச்சம்பாக் கதிராகப் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. வெட்டுமெசின் வருவதுதான் பாக்கி.

* * *

சனிக்கிழமை காலை. ஸில்மியா மஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

கிழக்கிலங்கைப் பசுமை வர்த்தகர் பேரவை என்று ஒன்று இருக்கிறது. வர்த்தகர்கள் தங்களுக்குத் தாங்களே விருது கொடுத்துக்கொள்வதில் உள்ள கூச்சத்தைப் போக்குவதற்காக வர்த்தகர்களே உருவாக்கிய அமைப்பு அது. அதன் நடுவர்கள் இன்று பகல் வருகிறார்கள். பார்த்துத் திருப்திப்பட்டால் மாலையிலேயே, அதே மண்டபத்தில், 'பூச்சியக் கழிவு நிறுவனம்' என்ற விருது ஜவுபருக்கு. திருப்திப்படாமல் போகக்கூடும் என்று யாரும் நினைக்காததால் மேடையையும் முதல் நாளே சோடித்துவிட்டார்கள்.

வாசலில் பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு, மண்ணிறம் என்று குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. அழுக்குப் படக்கூடாது என்பதற்காக அவற்றைச் சுற்றியிருந்த பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. வேலையாட்களுக்குக் கண்டிப்பான உத்தரவு: நடுவர்கள் போகும்வரை அவற்றுக்குள் யாரும் குப்பை போடக் கூடாது.

ஸில்மியா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜவுபர் பச்சைத் தொட்டியின் தலையில் கையை வைத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பவரைப் போல நின்றார்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டு சப்ரி உள்ளே வந்தான். காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. கையில் ஒரு சிலிசிலி பேக், மெல்லிய பொலித்தீன் பை, முடிச்சுப் போட்டபடி.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்."

"வஅலைக்கும் முஸ்ஸலாம். என்ன சப்ரி, இண்டைக்கு வந்து நிக்கிறாய்? பெரிய ஆக்கள் வாற நாள்."

"பெரிய ஆக்கள் வாற நாளெண்டுதான் வந்தனான். ஒங்களுக்கு ஒரு சாமான் கொணந்தன்."

வெள்ளைத் துணி விரித்த நடுவர் மேசையில் பையின் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினான்.

ஜவுபர் குனிந்து பார்த்தார். மறுகணம் மூக்கைப் பொத்தினார். "என்னடா இது?"

"யானை லத்தி."

"யா அல்லாஹ்! துணிடா அது, வாடகைத் துணி!"

"காஞ்சதுதான் மச்சான், மணக்காது. உள்ளுக்குப் பாருங்க."

ஒரு குச்சியால் கிளறிக் காட்டினான். சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் நார் நாராக இருந்தது. உடைந்த பிளாஸ்டிக் கரண்டி இருந்தது. நசுங்கிப்போன வட்டிலப்பக் கோப்பை ஒன்றும் இருந்தது. கோப்பையில் ஒட்டியிருந்த தங்க நிற ஸ்டிக்கர் யானையின் வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்தும் எழுத்து அழியாமல் மினுங்கியது. 'ஸில்மியா மஹால். கௌரவத்தின் முகவரி.'

தன் மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாகப் பரிமாறப்படும் ஒவ்வொரு வட்டிலப்பக் கோப்பையிலும் அந்த ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது ஜவுபரின் கட்டளை. தரமான ஸ்டிக்கர். எதற்கும் கரையாது.

"வாப்பா, இது எங்கட ஸ்டிக்கர்" என்றாள் ஸில்மியா.

"எங்கட மாதிரி இரிக்கி."

"என்ட பேர் போட்டிரிக்கி வாப்பா!"

"உன்ட பேர் ஊரில எத்தினையோ புள்ளையளுக்கு இரிக்கி மகள்."

"அவங்க எல்லாருக்கும் மஹாலும் இரிக்கா?"

ஜவுபர் படம் எடுப்பதை நிறுத்தும்படி கையால் சைகை செய்தார். அவள் நிறுத்தவில்லை.

"வயல்ர மேட்டுத் துண்டுல குப்ப கொட்டுறாங்க மச்சான்" என்றான் சப்ரி. "நான் இல்லாத நேரம் பாத்து டிரக்டர்ல வந்து கொட்டிட்டுப் போறாங்க. ஆரெண்டு விளங்காம இரிந்த. ஊரில எத்தினை பேரச் சந்தேகப்பட்டன் தெரியுமா? கடைசியில யானதான் சாட்சி சொல்லுது."

"அது குப்ப இல்ல சப்ரி."

"மறுகா என்ன?"

"சேதனப் பசளைத் திட்டம். பேரவைக்கும் அறிவிச்சிரிக்கன். மண்டபத்துச் சாப்பாட்டுக் கழிவு உக்கி, பசளையாகி, அதே வயலுக்குப் போகுது. வட்டமாச் சுத்தி வாற மாதிரி."

"லஞ்ச் சீட் உக்குமா மச்சான்?"

"உக்கும்."

"எப்ப?"

"அல்லாஹ் நாடினா."

சப்ரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது கொஞ்ச நேரம்தான்.

"இஞ்ச பாருங்க மச்சான். காட்டுக்கும் வயலுக்கும் நடுவிலதான் அந்த மேடு கிடக்கு. ஒங்கட புரியாணி மணத்துக்கு அதுகள் ஒவ்வொரு நாளும் பொழுது படக்குள்ள வந்து நிக்குது. குட்டியோட வருது. நானும் றிம்சானும் காவல் வாடியில வெடியக் கையில வெச்சிக்கிட்டுக் கிடக்கம். கதிர் பழுத்திட்டு. திங்கக்கிழம மெசின் வாறெண்டு சொல்லியிரிக்கான். அதுக்குள்ள அதுகள் வயலுக்குள்ள கால வெச்சா எனக்கு இந்தப் போகமும் இல்ல, வலீமாவும் இல்ல. குப்பைய எடுங்க. குப்ப போனா அதுகளும் போயிரும்."

"எடுப்பம் எடுப்பம். இந்த விருது முடியட்டும்."

"இண்டைக்கு எடுங்க."

"இண்டைக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

அதுவரை மேடையில் பூச்சாடி அடுக்கிக்கொண்டிருந்த கமீலா இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மேசைத் துணியில் கிடந்ததைப் பார்த்தாள். மகளுடைய பெயர் அதில் கிடந்ததையும் பார்த்தாள்.

"என்ட வயல்லயா கொட்டினீங்க?"

"எங்கட வயல் கமீலா."

"மைக்க புடிச்சா என்ட மண்டபம் எண்டு சொல்லுறீங்க. குப்ப கொட்டக்குள்ள மட்டும் எங்கட வயலா?"

ஜவுபர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலையாட்கள் கதிரைகளைத் துடைப்பதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார்கள்.

"ஊட்ட போய்க் கதைப்பம்."

"ஊடும் என்டதான். இஞ்சயே கதைங்க." கமீலா குரலை உயர்த்தவே இல்லை. "அசருக்கு முந்தி அந்தக் குப்ப அங்க இரிக்கப்படாது. இரிந்தா, பின்னேரம் எனக்கு மாலை போடக்குள்ள மைக்க வாங்கி நான் கதைப்பன். இந்தக் கோப்பையையும் கையில வெச்சிக்கிட்டுத்தான் கதைப்பன்."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் மைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜவுபர் இன்னும் கொஞ்சம் இழுத்தடித்திருப்பார். ஆனால் அந்த நேரம் பேரவைத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சேதனப் பசளைத் திட்டத்தை நேரில் பார்க்க நடுவர்கள் பெரிதும் ஆவலாக இருக்கிறார்களாம்.

"வாங்க வாங்க, தாராளமாப் பாக்கலாம்" என்றார் ஜவுபர் தொலைபேசியில், தேன் சொட்ட. வைத்துவிட்டு வேலையாளைப் பார்த்துக் கத்தினார்: "டேய், பெக்கோ வெச்சிரிக்கிறவனுக்கு கோல் எடு! சுறுக்கா! டிப்பரும் வேணும்!"

கமீலா தம்பியைப் பார்த்தாள். சப்ரி சிலிசிலி பேக்கை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். குப்பையாகப் போடுவதற்கு அங்கே இடம் இல்லை.

* * *

பகல் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். நடுவர்களும் ஜவுபரும் ஒரு சஹனில் அமர்ந்தார்கள்.

சஹனில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் எப்போதும் ஒரு துண்டு மிஞ்சும். நடுவில் கிடக்கும் கடைசிக் கோழித் துண்டை யாரும் எடுப்பதில்லை. "நீங்க எடுங்க." "இல்ல இல்ல, நீங்க." "எனக்குப் போதும்." ஆறு பேரும் மரியாதைக்காரராக இருந்தால் அந்தத் துண்டு அப்படியே குப்பைக்குப் போகும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வீணாகும் இறைச்சியில் பாதி இப்படி மரியாதையால் வீணாவதுதான். மீதிப் பாதி, சோறு முடிந்துபோனால் மானம் போய்விடும் என்று பயந்து கூடுதலாக ஆக்கியது.

இன்றும் ஒரு துண்டு மிஞ்சியது. பேரவைத் தலைவர் அதைப் பார்த்தார். பிறகு ஜவுபரைப் பார்த்தார். பூச்சியக் கழிவு மண்டபத்தில் ஒரு கோழித் தொடை அநாதையாகக் கிடந்தது.

ஜவுபர் பிஸ்மி சொல்லி அதை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தின்றார். எலும்பைத் திருப்பித் தட்டில் வைக்கக் கை வராமல் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அற்புதம்" என்றார் தலைவர். "இதுதான் மனமாற்றம் என்பது."

* * *

அசர் தொழுகை முடிந்து வாகனங்கள் வயலுக்குப் புறப்பட்டன. முன்னால் நடுவர்களின் வாகனம். பின்னால் வேனில் கமீலாவும் ஸில்மியாவும். கச்சான் காற்று மேற்கிலிருந்து நெருப்பாக வீசியது.

சொன்ன சொல்லை ஜவுபர் காப்பாற்றியிருந்தார். வாழ்க்கையில் அரிதாக நடக்கும் விஷயம் என்பதால் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேட்டுத் துண்டில் குப்பை இல்லை. பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரம் வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. வழித்த இடம் கறுத்துப்போய், பார்க்கப் புண் மாதிரி இருந்ததால், அதன் மேல் கல்யாண மேடைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் புல் விரிப்பை விரித்திருந்தார்கள். நான்கு மூலையிலும் மண்டபத்துப் பூச்சாடிகள். நடுவில் கடையில் வாங்கிய பசளை ஒரு சிறு குவியலாக. குவியலின் உச்சியில் ஒரு பலகை: 'ஸில்மியா மஹால் சேதனப் பசளைத் திட்டம்.'

பேரவைத் தலைவர் புல் விரிப்பில் நடந்து பார்த்தார். "புல் நன்றாகப் பிடித்திருக்கிறது" என்றார்.

பசளையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சுழற்சிப் பொருளாதாரம் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகிறது என்றார். கழிவு என்று ஒன்று உலகத்தில் இல்லை, தவறான இடத்தில் இருக்கும் செல்வமே கழிவு என்றார். ஸில்மியா படம் எடுத்தாள். இம்முறை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது தந்தை விரும்பக்கூடிய சிரிப்பாக இல்லை.

சப்ரி தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு வரம்பில் நின்றான். அவனைக் கூப்பிட்டார்கள்.

"இவர்தான் பயனாளி" என்று ஜவுபர் அறிமுகப்படுத்தினார். "என் மைத்துனர்."

"எப்படி, இந்தப் பசளையால் விளைச்சல் கூடியிருக்கிறதா?" தலைவர் கேட்டார்.

சப்ரி பலகையைப் பார்த்தான். தன் ராத்தா கமீலாவைப் பார்த்தான். பழுத்துக் கிடந்த வயலைக் காட்டினான். "நீங்களே பாருங்க."

"யானைத் தொல்லை ஏதும்?"

"இரிந்த. இனி இரிக்காது."

தலைவர் மற்ற நடுவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் கதிர்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நடுவர் ஒரு கதிரை ஒடித்து, காதில் வைத்துப் பார்த்துவிட்டு, வரம்பில் போட்டார். சப்ரி அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டான்.

வாகனங்கள் திரும்புவதற்குள் அவன் ராத்தாவிடம் வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"ராத்தா, மச்சான் ஒரு சொல்லுச் சொல்லிச் செஞ்சத இண்டைக்குத்தான் காணுறன்."

"அவர் செய்யல்ல தம்பி. நான் செய்யவெச்சன்."

"தெரியும் ராத்தா. இன்னும் ரெண்டு ராவுதான். மெசின் வந்திட்டா ஒண்டுமில்ல. வலீமாவுக்கு மொதல் சஹன் ஒனக்குத்தான். கடைசித் துண்டும் ஒனக்குத்தான்."

"நான் எடுக்கமாட்டன், எனக்கு மரியாதை இரிக்கி" என்றாள் கமீலா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிறு வயதில் ஒரே தட்டில் சண்டை பிடித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

திரும்பி வருகிற வழியில் ஜவுபர் வேனில் ஏறிக்கொண்டார். நடுவர்களின் வாகனத்தில் இனிப் பேச ஒன்றும் இல்லை.

கமீலா கேட்டாள்: "அங்க கிடந்ததெல்லாம் எங்க போட்டீங்க?"

"டிப்பர்காரன் கொண்டு போயிட்டான்."

"அதான், எங்க?"

"ஆத்துப் பக்கம் எங்கயோ. வேற ஊர்ர எல்லை."

"அங்க ஆர்ர காணி?"

"ஆர்ர காணியோ. உன்ட காணி இல்ல. உன்ட தம்பிர வயலும் இல்ல. போதுமா?"

கமீலா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாய்க்காலில் கொக்குகள் நின்றன. இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. அன்று காலையில் அவள் ஒரு வெற்றியை அடைந்திருந்தாள். அதை உடனேயே அழுக்காக்க மனம் வரவில்லை.

"போதும்" என்றாள்.

* * *

மஃரிப் தொழுகை முடிந்ததும் மண்டபம் நிரம்பியது. குப்பைத் தொட்டிகளின் பொலித்தீனை இப்போது கழற்றியிருந்தார்கள். கழற்றிய பொலித்தீனை எதற்குள் போடுவது என்று தெரியாமல் மேடைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள்.

விருதுக் கேடயம் ஒரு வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் ரெஜிபோம் பெட்டிக்குள் வந்தது. பெட்டிக்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் பளபளப்புத் தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் நாடா. பேரவைத் தலைவர் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க நேரம் எடுத்தது. சபை பொறுமையாகக் காத்திருந்தது.

ஜவுபர் மைக்கைப் பிடித்தார்.

"கண்ணியத்திற்குரிய பேரவைத் தலைவர் அவர்களே, உலமாப் பெருமக்களே, வர்த்தகப் பிரமுகர்களே! வீண் விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. இந்த ஏழை அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டவன்..."

கமீலா முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கு மாலை போட இன்னும் நேரம் இருந்தது. அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. றாஹிலா. தம்பி மனைவி. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கக் கதவால் வெளியே வந்தாள்.

"மதினி..." றாஹிலாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஆட்கள் கூச்சலிடுவது கேட்டது. "மதினி, யான. வயலுக்குள்ள யான."

"தம்பி எங்க? தம்பிக்கு என்ன?"

"அவருக்கு ஒண்டுமில்ல. றிம்சானுக்கும் ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். வயல்தான்..."

"வெடி போடல்லயா?"

"வெடி எல்லாம் போட்டு முடிஞ்சி. அதுகள் காதுலயே வாங்கல்ல. ஒவ்வொரு நாளும் வாற நேரத்துக்குத்தான் மதினி வந்த. வந்து அந்தப் புல்லுப் பாயில நிண்டுதுகள். தும்பிக்கையால பாயத் தூக்கிப் பாத்துதுகள். காலால கிளறிப் பாத்துதுகள். ஒண்டுமில்ல. குட்டி கத்தத் தொடங்கிட்டு. மறுகா எல்லாம் கிறுகி வயலுக்குள்ள எறங்கிட்டு."

உள்ளே கணவரின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. "...எமது மண்டபத்தின் கழிவு எமது வயலுக்கு உரமாகி, இன்று பொன்னாக விளைந்திருக்கிறது..."

"எவ்வளவு போயிட்டு றாஹிலா?"

"இரிக்கிறதக் கேளுங்க மதினி, சொல்லச் சுகம். நெல்லெண்டு சொல்ல ஒண்டுமில்ல. திண்டது பாதி, மிதிச்சது பாதி."

"தம்பிட்டப் போனக் குடு."

"அவர் வரம்பில குந்திட்டிரிக்கார். ஆரோடயும் கதைக்கிறாரில்ல. மடியில ஒரு கதிர முடிஞ்சி வெச்சிரிக்கார், அத உருவி உருவிப் பாத்திட்டிரிக்கார்."

உள்ளே கணவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"...இன்ஷா அல்லாஹ், என் ஒரே மகள் ஸில்மியாவின் நிக்காஹ் வருகிற மாதம் நடைபெறும். மாப்பிள்ளை என் மைத்துனரின் மகன் றிம்சான். வலீமா இதே மண்டபத்தில்! மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வயலில் விளைந்த பூச்சியக் கழிவு அரிசியில் உங்கள் எல்லோருக்கும் விருந்தளிப்பார்கள்..."

கைதட்டல் கதவைத் தாண்டி வெளியே வந்தது. ஸில்மியா முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று தாயைத் தேடினாள்.

"அது என்ன சத்தம் மதினி?" என்றாள் றாஹிலா.

"ஒண்டுமில்ல."

"இஞ்ச வட்டை வயல்காரர் எல்லாரும் வந்திரிக்காங்க. எல்லாரும் ஒரே கததான் சொல்லுறாங்க. அந்தக் குப்ப கிடந்திரிந்தா அதுகள் அதத் திண்டிட்டு வழம மாதிரிக் காட்டுக்குப் போயிரிக்குமாம். இன்னும் ரெண்டு நாள் கிடந்திரிந்தாலும் போதுமாம்." றாஹிலாவின் குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் ஒரு நாள் இரிக்க, இண்டைக்கெண்டு பாத்து அத ஆர் மதினி அள்ளச் சொன்ன? இவர்ட்டக் கேட்டா வாயே தொறக்கிறாரில்ல. ஒங்களுக்குத் தெரியுமா? ஆர் மதினி?"

உள்ளே கமீலாவின் பெயரைச் சொல்லி மாலை போட அழைத்தார்கள். இரண்டாவது தடவையும் அழைத்தார்கள்.

அள்ளச் சொன்னது கமீலா.